ஃப்யூல் டாக்கில் டிப்ஸ்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு?

கேள்வி, மே 21, 2025

"போன மாதம்தான் 23 அடி படகு ஒன்று வாங்கினோம். மேரிலாந்தில் அனபொலிஸ் பக்கம் நிறுத்தியிருக்கிறோம். ஃப்யூல் டாக்கில் (படகுக்கு எரிபொருள் போடும் துறையில்) பெட்ரோல் போடப் போனால் ஒரு பையன் ஓடி வந்து கயிற்றை வாங்கிக் கட்டுகிறான், பம்பு நாசிலை எடுத்து நீட்டுகிறான். அவனுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? ரெஸ்டாரண்ட் மாதிரி பில்லில் 20 சதவீதமா? 'காருக்குப் போடும்போது யாருக்குக் கொடுக்கிறோம்?' என்கிறார் வீட்டுக்காரர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

மே 21, இரவு

கொடுங்கள். ஐந்து டாலர். சதவீதக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

மே 22

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டேன். காரணமும் சொல்ல வேண்டுமல்லவா.

கேலன் 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (தண்ணீர் ஓரத்தில் அந்த விலைக்குக் கிடைத்தால் உங்கள் நல்ல நேரம்). நீங்கள் 40 கேலன் போட்டால் 160 டாலர், அதில் 20 சதவீதம் 32 டாலர். உங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மீன்பிடிப் படகு வந்து 600 கேலன் டீசல் குடிக்கிறது. 2,400 டாலர் பில், 480 டாலர் டிப்ஸ். அடுத்து ஒரு பாய்மரப் படகு. அது மாதம் ஒரு தடவை 12 கேலன் போட்டால் அதிசயம். அதற்கு 48 டாலர் பில், பத்து டாலருக்கும் குறைவான டிப்ஸ். ஆனால் அன்றைக்கு அந்தப் பையனை வியர்க்க வைத்தது எது? பாய்மரப் படகுதான். ஒற்றை என்ஜின், பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் கிடையாது, ஓரத்துக்கு வரும்போது காற்று உயர்ந்த பாய்மரத்தைப் பிடித்துத் தள்ளும். மீன்பிடிப் படகின் கேப்டன் இரண்டு என்ஜினை முன்னும் பின்னும் போட்டு, நின்ற இடத்திலேயே திருப்பி ஒட்டிவிடுவார்.

அதாவது கேலனுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. டிப்ஸ் பெட்ரோலுக்கு அல்ல, கயிற்றுக்கு.

காரோடு ஒப்பிடுகிறார் உங்கள் வீட்டுக்காரர். கார் பிரேக் போட்டால் நிற்கும், நின்ற இடத்திலேயே இருக்கும். படகுக்கு பிரேக் இல்லை. கென்ட் நேரோஸில் ஒரு தடவை பெட்ரோல் போட்டுப் பாருங்கள். கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தில் அந்தக் குறுகலான வாய்க்காலில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். நீங்கள் மெதுவாக ஓரம் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீரோட்டம் உங்களைப் பாலத்தின் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் முதல் கயிற்றை வாங்கி, சரியான க்ளீட்டில் (டாக்கில் கயிறு கட்டும் கொம்பில்), சரியான நொடியில் ஒரு சுற்று போடுகிறவனுக்குத்தான் அந்த ஐந்து டாலர்.

மே 22, மதியம்

"நாசிலையும் அவனே பிடித்துப் போட மாட்டானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பல இடங்களில் மாட்டான். கையில் கொடுப்பதோடு சரி. தவறான துளையில் ஊற்றினாலோ, வழிந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வந்தாலோ மரீனா (படகுத்துறை நடத்துகிறவர்கள்) மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் அப்படி. சிரிக்காதீர்கள், தூண்டில் செருகும் குழாய்க்குள் பெட்ரோலை ஊற்றிய கதை எல்லா மரீனாவிலும் உண்டு. அந்தக் குழாய் நேராகப் படகின் அடிவயிற்றுக்குள் போகும். அதனால்தான் நல்ல பையன் நாசிலைக் கொடுக்கும் முன் "கேஸா, டீசலா?" என்று ஒரு தடவை கேட்பான் (இங்கே கேஸ் என்றால் பெட்ரோல்), கொடுத்துவிட்டு நீங்கள் திறந்த மூடியில் எழுதியிருப்பதையும் ஒரு பார்வை பார்ப்பான். கைப்பிடி நிறத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான இடங்களில் பச்சை என்றால் டீசல், பிபி பம்புகளில் பச்சை என்றால் பெட்ரோல்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் டீசல் நாசிலை நீட்டுகிறவனுக்கு என் பையிலிருந்து எதுவும் வராது.

மே 26, மெமோரியல் டே

இன்று ஃப்யூல் டாக்கில் வரிசை. ஒரு டஜன் படகுகள் வெளியே வட்டமடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு குடும்பம் டாங்க்கை நிரப்பிவிட்டு ஐஸ் வாங்கப் போனது. அப்புறம் பிள்ளைகள் பாத்ரூம். அப்புறம் அப்பா டி-ஷர்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்கில் வேலை செய்யும் பெண்ணின் கையில் 20 டாலர் நோட்டைத் திணித்துவிட்டுப் பெருமையாகக் கிளம்பினார். அவள் சிரித்தாள். வட்டமடித்தவர்களிடம் அடுத்த ஒரு மணி நேரம் வாங்கிக்கட்டிக்கொண்டவளும் அவள்தான்.

காசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, வேலை முடிந்ததும் இடத்தைக் காலி பண்ணுங்கள். ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம். என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கிற வகை என்றால், பெட்ரோல் போட்ட பிறகு படகின் தள மூடிகள், ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, ப்ளோவரை (ஆவியை வெளியேற்றும் விசிறியை) நான்கு நிமிடம் ஓடவிட்டு, குனிந்து மோந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே போய்த் தங்கும், ஒரு பொறி போதும். அந்த நான்கு நிமிடத்துக்குப் பின்னால் நிற்கிறவன் முறைத்தால் முறைக்கட்டும். போடும்போது ஆட்கள் எல்லாரும் இறங்கி டாக்கில் நிற்பதும் இதற்காகத்தான்.

ஜூன் 3

மேலே ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "மேரிலாந்தில் குறைந்தபட்சக் கூலி 15 டாலர். வெயிட்டர் மாதிரி அரைக்கூலி வாங்குகிறவன் இல்லை. எதற்கு டிப்ஸ்?"

நியாயமான கேள்வி. 2024 ஜனவரியிலிருந்து இங்கே 15 டாலர்தான். பாலம் தாண்டி வர்ஜீனியா போனால் 2025-ல் 12.41. மேலே பென்சில்வேனியாவில் இன்னும் கூட்டாட்சிக் கணக்கான 7.25, அது 2009-லிருந்து அசையவில்லை. டிப்ஸை நம்பி முதலாளி மணிக்கு 2.13 கொடுத்தால் போதும் என்கிற ரெஸ்டாரண்ட் விதி 1991-லிருந்து அப்படியே இருக்கிறது. டாக்கில் அந்த அரைக்கூலி முறையை நான் பார்த்ததில்லை. நான் கேட்டுப் பார்த்த பையன்கள் எல்லாரும் முழு மணிக்கூலிக்காரர்கள்.

ஆகவே "பாவம், பட்டினி" என்கிற கணக்கில் கொடுக்காதீர்கள். அந்த வாதம் இங்கே நிற்காது. உங்கள் படகின் ஃபைபர்கிளாஸ் கீறலைச் சரிசெய்ய ஒரு பட்டறைக்காரர் என்ன கேட்பார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். ஐந்து டாலர் கொடுப்பது எனக்கு அந்தக் கணக்கில்.

ஜூன் 15

காற்று தென்மேற்கிலிருந்து இருபது நாட் வேகம் இருக்கும். ஓரத்திலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. நான் டீசல் போட்டு முடித்துவிட்டு, கிளம்பலாமா வேண்டாமா என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று உள்ளே வந்தது. வயதான தம்பதி. அவர் சுக்கான் சக்கரத்தில், அந்த அம்மா முன்பக்கத்தில் கயிற்றுச் சுருளோடு. டாக்கில் நின்றது ஒரு கல்லூரிப் பெண், இருபது வயது இருக்காது.

அந்த அம்மா முன்கயிற்றை வீசினார். எட்டவில்லை. இரண்டாவது வீச்சில் இவள் பிடித்தாள். புதிய ஆளாக இருந்தால் இங்கேதான் தவறு நடக்கும். கையில் கயிறு வந்ததும் பலம் கொண்ட மட்டும் இழுப்பார்கள். முன்பக்கம் டாக்கை நோக்கி வரும், பின்பக்கம் கதவு திறப்பது மாதிரி வெளியே போகும், அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். இவள் இழுக்கவில்லை. கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டே, "நடுவில் இருக்கிற கயிற்றைக் கொடுங்கள், மேடம்" என்றாள். அவர் பின்னாலிருந்து "இழு, இழு!" என்று கத்திக்கொண்டிருக்கிறார். இவள் காதில் வாங்கவே இல்லை. நடுக்கயிறு வந்ததும் அதைப் பின்னால் தள்ளி இருந்த க்ளீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சுற்று போட்டு, "இப்போது மெதுவாக ஃபார்வர்ட், சக்கரத்தை டாக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள்" என்றாள். கயிறு இறுகியது. அவ்வளவு பெரிய படகு தானாக நகர்ந்து வந்து ஃபெண்டரில் (உரசல் தாங்கும் மெத்தையில்) சாய்ந்து நின்றது. என்ஜினே அதை டாக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. யாரும் எதையும் இழுக்கவில்லை.

ஒன்பது கேலன் போட்டார்கள். பம்பு மீட்டரை நானே பார்த்தேன். போகும்போது அவர் ஒரு டாலர் கொடுத்தார். அந்த அம்மா, அவர் திரும்பிய பிறகு, இன்னொரு நோட்டு கொடுத்தார். எவ்வளவு என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

நான் அன்று வழக்கத்துக்கு மேல் கொடுத்துவிட்டுப் போனேன், எனக்கு அவள் பெரிதாக எதுவும் செய்யாவிட்டாலும். பாடம் நடத்தினாள் அல்லவா, ட்யூஷன் ஃபீஸ்.

ஜூன் 16

"அப்படியானால் இழுத்துக் கெடுத்த பையனுக்கு?" என்று கேட்கிறார்கள். போன வருடம் ஒரு மரீனாவில் (பெயர் வேண்டாம்) ஒருவன் என் முன்கயிற்றை அப்படித்தான் இழுத்தான், படகின் பின்மூலை மரத்தூணில் உரசியது. அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. நடுக்கயிறு எதற்கு என்று சொல்லிக் காட்டினேன். மே மாதத்தில் அவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் வாரம். யாரும் கற்றுக்கொடுக்காமலே டாக்கில் நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் ரேடியோவில் கூப்பிடும்போதே சொல்லிவிடுகிறேன்: எத்தனை அடி, எந்தப் பக்கம் ஒட்டுவேன், கேஸா டீசலா, முதலில் நடுக்கயிறு தருவேன். கயிறு நீட்டும்போதும் "இழுக்க வேண்டாம், கட்டினால் போதும்" என்று சொல்கிறேன். இதில் பாதி விபத்து குறையும்.

ஜூன் 16, சற்றுப் பின்

இன்னொன்று. தானே ஒட்டி, தானே இறங்கி, தானே கட்டி, தானே போட்டுக்கொள்கிறவர் டிப்ஸ் தர வேண்டியதில்லை. கடைக்குள் உட்கார்ந்து கார்டைத் தேய்க்கிறவருக்குக் கயிற்றுக் காசு எதற்கு?

ஜூலை 7

இந்தக் கேள்வி-பதில் இழை எங்கேயோ போய்விட்டது, நானும் கூடவே போகிறேன். 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் டிப்ஸுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 2025 முதல் 2028 வரை, வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருமானம் அதிகமானவர்களுக்குக் குறையும். வழக்கமாக டிப்ஸ் வாங்குகிற தொழிலாக இருக்க வேண்டும். எந்தெந்தத் தொழில் என்று கருவூலத் துறை 90 நாளுக்குள் பட்டியல் போட வேண்டும் என்றது சட்டம். பில்லிலேயே கட்டாயமாகச் சேர்க்கிற "சர்வீஸ் சார்ஜ்" இதில் வராது. வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

எங்கள் மரீனாப் பையனிடம் சொன்னேன். "கோடை முழுக்க வாங்குவதைக் கூட்டினாலே வரி கட்டுகிற அளவு வராது" என்றான்.

ஜூலை 8

நியூ ஜெர்ஸி பற்றி யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று காத்திருந்தேன், ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே எடிசன் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: அங்கே காருக்கு நாமே பெட்ரோல் போடக் கூடாது, 1949-லிருந்து சட்டம். ஆரெகன்கூட 2023-ல் தளர்த்திவிட்டது. நியூ ஜெர்ஸி இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. அங்கே குளிரிலும் மழையிலும் ஒருவர் வந்து போட்டுவிடுகிறார், ஆனால் டிப்ஸ் கொடுக்கிறவர்கள் அபூர்வம். கிறிஸ்துமஸ் சமயத்தில், பனிப்புயலில், சிலர் கொடுப்பார்கள்.

இதைக் காட்டி "அவருக்கு இல்லாதது இவனுக்கு எதற்கு?" என்று கேட்டால் எனக்கு நல்ல பதில் இல்லை. டிப்ஸில் நியாயம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். வாஷிங்டன் மாநிலம் 1909-லேயே டிப்ஸைத் தடை செய்து சட்டம் போட்டது, பின்னால் இன்னும் ஐந்து மாநிலங்கள் போட்டன. 1926-க்குள் எல்லாம் காணாமல் போயின. சட்டத்தாலேயே முடியாததை இந்த இழையில் நாம் முடிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 2

முதல் நாள் சொன்ன "ஐந்து டாலர்" விதியில் ஒரு திருத்தம். அது பெட்ரோலுக்கும் கயிற்றுக்கும் மட்டும். படகின் கழிப்பறைக் கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுக்கிற பம்ப்-அவுட்டுக்கு வேறு கணக்கு.

1992-ல் வந்த சுத்தமான படகுச் சட்டத்தின் கீழ் அரசு பணம் கொடுத்துப் பல மரீனாக்களில் இந்தக் கருவியை வைத்தார்கள். அந்த உதவிப் பணம் வாங்கிய இடங்களில் நீண்ட காலம் கட்டணம் ஐந்து டாலர்தான், சில இடங்களில் இலவசம். கட்டணம் குறைவு என்றால் வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆகஸ்ட் வெயில். மூன்று வாரமாக நிறைந்த தொட்டி. குழாயைப் பொருத்துகிறவன் முகத்தை ஒரு தடவை பாருங்கள். குழாயை நீங்களே பிடித்தால் ஐந்து. அவன் பிடித்தால் பத்துக்குக் குறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. கழுவிவிட்டுப் போகிறவனுக்கு இன்னும் மேல்.

ஆகஸ்ட் 3

"கயிறு வாங்குகிறவர்தான் முதலாளி என்று எப்படித் தெரிந்துகொள்வது?" சின்ன மரீனாக்களில் முதலாளியே கயிறு வாங்குவார். அவருக்கு டிப்ஸ் நீட்டினால் சங்கடம். கடையில் ஒரு பை ஐஸ், ஒரு டப்பா தூண்டில் புழு வாங்குங்கள். அடையாளம்: எல்லா டாக் பையன்களும் ஓடுவார்கள், முதலாளி நடப்பார். நாய் பின்னால் வரும்.

கல்லாப் பெட்டி பக்கத்தில் ஒரு ஜாடி வைத்திருந்தால் அது பையன்களுக்குள் பங்கு போடுவதற்கு. முதலாளியோ மேனேஜரோ அதில் கைவைக்கக் கூடாது என்று 2018-லிருந்து கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. இருந்தாலும், நடுக்கயிற்றை வாங்கியது ஒருவன், பங்கு நான்கு பேருக்கு என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. நேராகக் கையில் கொடுக்கிறேன். அதை அவன் ஜாடியில் போட்டால் அது அவன் விருப்பம்.

ஆகஸ்ட் 19

எப்போது கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் இதில்தான் நிறையக் கூத்து. கயிறு அவிழ்த்த பிறகு பர்ஸைத் தேடாதீர்கள். படகு நகர ஆரம்பித்திருக்கும், அவன் எட்டிப் பிடிக்கப் பார்ப்பான், நோட்டு காற்றில் போகும். இரண்டு பேருக்கும் தண்ணீரில் விழுகிற வாய்ப்பு சரிசமம். பணம் கட்டிவிட்டு வரும்போதே கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவனுக்கு இரண்டு கையும் கயிற்றுக்கு வேண்டும்.

இப்போது சில இடங்களில் கார்டு மெஷின் திரையே 18, 20, 25 என்று கேட்கிறது. பதறாமல் "வேறு தொகை" அழுத்தி ஐந்து போடுங்கள். எதுவும் இல்லை என்று அழுத்திவிட்டுக் கையில் நோட்டாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

செப்டம்பர் 2

பையன்கள் எல்லாரும் காலேஜுக்குப் போய்விட்டார்கள். நேற்று டாக்கில் இருந்தது ஓய்வுபெற்ற ஒரு மனிதர். கயிற்றை நான் வீசும் முன்பே அவர் கை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. பத்து டாலரை நீட்டினேன். "பொழுது போகவில்லை என்று வருகிறேன், வைத்துக்கொள்" என்று திருப்பிவிட்டார். வற்புறுத்தாதீர்கள். ஒரு தடவை நீட்டுவது மரியாதை, இரண்டாவது தடவை நீட்டினால் அவமானப்படுத்துவதாகிவிடும்.

அக்டோபர் 14

வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கரையை ஒட்டிய உள்வழி நீர்ப்பாதையில் ஃப்ளோரிடா வரை இறங்கி, அங்கிருந்து பஹாமாஸ் போகிறவர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "வழியில் எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டுமா?" கயிறு வாங்கினால் ஆமாம். வழியெல்லாம் நின்று நின்று போவீர்கள், ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் பெரிய யாட்டுகள் வருகிற மரீனாக்களில் இருபது, ஐம்பது என்று கொடுக்கிற கேப்டன்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம், அது அவர்கள் சொந்தக் காசு அல்ல. பஹாமாஸில் அமெரிக்க டாலர் அப்படியே செல்லும், ஒன்றுக்கு ஒன்று. ஆனால் சின்னத் தீவுகளில் சில்லறை கேட்டு நிற்காதீர்கள், இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள். நோட்டுகளை ஜிப்லாக் பையில் போடுங்கள்.